எடை பார்க்க வருகிறவர்கள்

1

போன வாரம் என் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. மகனுக்கு இரண்டு வயதுப் பரிசோதனையாம். எங்கே வரவேண்டும், எப்போது வரவேண்டும் என்று சொல்லிவிட்டு, வர முடியாவிட்டால் முன்கூட்டியே தெரிவிக்கும்படி மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த நாட்டில் எல்லாமே மரியாதைதான். என் பிரசவத்துக்குத் துணையாக வரவிருந்த அம்மாவுக்கு விசா மறுத்த கடிதம்கூட ‘அன்புள்ள’ என்றுதான் ஆரம்பித்தது.

அதே வாரம் ஊரிலிருந்து மதினியின் குரல்பதிவும் வந்தது. மதினி என் அண்ணன் மனைவி. பெயர் அன்னலட்சுமி. சித்திரபுரத்தில் ஆஷா வேலை பார்க்கிறாள். பள்ளிவாசல் என்கிற ஊர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டுகளின் தொழிலாளர் லயங்களில் பிள்ளை பெற்ற வீடு ஒவ்வொன்றுக்கும் ஏறி இறங்கி, எடை பார்த்து, தடுப்பூசியை நினைவுபடுத்திவிட்டு வருகிற வேலை. அண்ணன் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறான். சவாரி இல்லாத நாளில்தான் மதினிக்கு ஜீப். மற்ற நாளில் நடை.

“ஏ மகேசு, அங்கன்வாடில தாய்மாருக்கு ஒரு கூட்டம் வைக்கணும்னு மேலருந்து சொல்லிட்டாங்க. பிள்ள பெத்தவ மனசு எப்படி இருக்கும்னு பேசணுமாம். நான் என்னத்தப் பேச? எனக்கு எடை போடத் தெரியும், குத்திவெப்பு ஊசிக்குக் கூட்டிட்டுப் போகத் தெரியும். நீ பட்டத எழுதி அனுப்பு. நான் வாசிச்சுக் காட்டுதேன். ஒம் பேரச் சொல்லமாட்டேன், பயப்படாத.”

பேரைச் சொல்லாவிட்டால் என்ன? லண்டனுக்குப் போனவள் எழுதியது என்றாலே சித்திரபுரத்தில் பாதிப் பேருக்கு யாரென்று தெரிந்துவிடும். நான் இருப்பது லண்டனும் இல்லை. வடக்கே மழையும் செங்கல் வீடுகளுமாக ஒரு சின்ன ஊர். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இங்கிலாந்து முழுக்க லண்டன்தான். தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

என் வீட்டுக்காரர் செந்தில் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைக்காரர். இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் முதலில் வந்தார். நான்கு வயது நிலாவைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் வந்தேன். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை கிடைத்தது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கை மாற்றுவது. நிலாவுக்கு ஆறு வயதாகும்போது கவின் பிறந்தான்.

கவின் பிறந்து இரண்டாவது வாரம், ஹெலன் என்கிற ஹெல்த் விசிட்டர் வீட்டுக்கு வருவார் என்று தகவல் வந்தது. இங்கே பிள்ளை பெற்ற வீட்டுக்கெல்லாம் அப்படி ஒருவர் வருவார். படித்த நர்ஸ்தான். மதினி வேலையும் எங்கள் ஊர் சிஸ்டர் வேலையும் சேர்ந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் வருகிறார் என்றதும் நான் செய்த காரியம் எல்லாம் லயத்தில் செய்வதுதான். தையல் காயம் வலிக்க வலிக்க வீட்டைக் கூட்டினேன். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். சன்னலில் காயப்போட்டிருந்த துணியை எல்லாம் வாரி அலமாரிக்குள் திணித்தேன். நிலாவுக்குத் தலைசீவி, பொட்டு வைத்து, சோபாவில் உட்காரவைத்து, கேட்டால் மட்டும் பேசு என்று சொல்லிவைத்தேன். செந்திலுக்கு அன்று டியூட்டி.

ஹெலனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பெரிய பை ஒன்று. வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். காரைச் சரியான இடத்தில் நிறுத்தவில்லையோ என்ற கவலை அவருக்கு. அடிக்கடி சன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டார். எதைக் கேட்டாலும் ‘லவ்லி’ என்றார். டீ போடட்டுமா என்றாலும் லவ்லி, சர்க்கரை வேண்டாமா என்றாலும் லவ்லி.

கவினைத் துணி கழற்றித் தராசில் கிடத்தினார். எடையைப் பார்த்துவிட்டு முகம் மலர, என்ன ஆரோக்கியமான குழந்தை, எவ்வளவு நன்றாகத் தேறியிருக்கிறான் என்று ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொன்னார்.

எனக்குப் பகீரென்றது. யோசிக்கவே இல்லை. வாய் தானாகப் பேசியது.

“இல்லை, இல்லை. எங்கே தேறினான்? பாலே குடிப்பதில்லை. குடித்தாலும் கக்கிவிடுகிறான். எப்போதும் சளி. ரொம்பக் கஷ்டம்.”

அத்தனையும் பொய். அவன் நேரம் தவறாமல் குடித்தான், வயிறு நிறையத் தூங்கினான்.

ஹெலன் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கிவிட்டது. எத்தனை நாளாக என்று கேட்டார். அதற்குள் சோபாவிலிருந்து நிலா அவளுடைய பள்ளிக்கூட ஆங்கிலத்தில், “அவன் நிறையக் குடிக்கிறான். எந்நேரமும் குடித்துக்கொண்டேதான் இருக்கிறான்” என்றாள்.

“ஏட்டி, வாய மூடு. கண்ணு வைக்காத” என்று தமிழில் அதட்டினேன்.

ஹெலன் நிலாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் குனிந்து நெடுநேரம் எழுதினார். கிளம்பும்போது, உங்களுக்கு எப்படி இருக்கிறது, மனசு எப்படி இருக்கிறது என்றும் கேட்டார். “எனக்கென்ன, நன்றாக இருக்கிறேன்” என்றேன். அதுவும் பொய்தான்.

3

இதைக் கேட்கிற உங்களுக்கு நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்க வேண்டியதில்லை. நீங்களும் சொல்கிறவர்கள்தானே.

நான் கல்யாணத்துக்கு முன்னால் சும்மா இருந்த நாட்களில் மதினியோடு லயங்களுக்குத் துணைக்குப் போயிருக்கிறேன். கொழுந்து எடுக்கப் போகாமல் பிள்ளை பெற்று வீட்டிலிருக்கிற பெண் மதினியைக் கண்டதும் பாயை விரித்துப் போடுவாள். தராசை உத்தரத்துக் கொக்கியில் மாட்டி, துணித் தொட்டிலில் பிள்ளையைப் போட்டதும், அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வாள்.

“என்னத்த எடை இருக்கப்போகுது மதினி? நேத்தெல்லாம் ஒரே வயித்தோட்டம். சோத்தக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்குது. எலும்புந்தோலுமாப் போச்சு.”

தொட்டிலில் கிடப்பது பூசணிக்காய் மாதிரி இருக்கும். காலிலும் கையிலும் மடிப்பு மடிப்பாகச் சதை. மதினியும் அதைப் பார்த்து, “ஆமா ஆமா, பாவம், ஒண்ணுமில்லாமத்தான் கெடக்கு” என்பாள். எடையைச் சத்தமாகச் சொல்லமாட்டாள். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்றால் முதுகைத் திருப்பிக்கொண்டு எழுதுவாள். பிள்ளை நன்றாக இருக்கிறது என்று வெளியாள் சொல்லக்கூடாது, சொன்னால் தாய் அதை அங்கேயே மறுத்துவிட வேண்டும். கண் பட்டுவிடும். அங்கே இது எல்லோருக்கும் தெரியும், ஒருத்தரும் ஏமாந்துபோவதில்லை.

நான் பிளஸ் டூ படித்தவள். கண்ணேறு எல்லாம் நம்புகிறாயா என்று யாராவது கேட்டால் சிரித்துவிடுவேன். ஆனால் ஹெலன் அப்படி முகத்துக்கு நேரே பாராட்டியபோது, பெற்றவள் பதில் சொல்லாமல் இருந்தால் நன்றாக இராது என்றுதான் எனக்குத் தோன்றியது. பாசத்தில் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்தவரை உட்காரச் சொல்வது மாதிரி, பழக்கம்.

4

ஹெலன் மறுவாரம் வந்தார். அதற்கு மறுவாரமும் வந்தார். டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார். பால் ஒவ்வாமையா, இரைப்பையில் கோளாறா என்று ஆளுக்கொரு பக்கம் தேடினார்கள். கவின் ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கனமாகத் தராசில் கிடந்து காலை உதைத்தான். பால் குடிக்கவில்லை என்கிறாள் தாய், பிள்ளையோ தேறிக்கொண்டே போகிறது. அவர்களுக்கு மண்டை காய்ந்திருக்கும்.

முதல் நாளே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதற்காக அரசாங்கம் மூன்று பேரை வேலைக்கு இறக்கிவிட்ட பிறகு, சும்மா சொன்னேன் என்று எப்படிச் சொல்வது?

செந்தில் பயந்துபோனார். அவர் சேர்ந்திருக்கும் மலையாளி நர்ஸ்கள் வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒரு கதை வரும். இன்னார் வீட்டுப் பிள்ளையை அதிகாரிகள் வந்து கொண்டுபோய்விட்டார்கள், இன்னார் கைநீட்டி அடித்ததற்கு வழக்கு என்று. உண்மை பாதி, மசாலா பாதி. அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் என் முன்னால் உட்கார்ந்தார்.

“ஏனம்மிணி, அந்தம்மா எதுக்கு மறுக்கா மறுக்கா வர்றாங்க? நீ என்ன சொன்னே?”

சொன்னேன்.

“அட ஏம்புள்ள! நம்மூட்ல பேசறாப்புல இங்க பேசினா ஆகுமா? நாம புள்ளைக்கு ஒழுங்காப் பாலே குடுக்கறதில்லைன்னு எழுதி வெச்சுட்டாங்கன்னா? பையனத் தூக்கிட்டுப் போயிருவாங்க, தெரியுமா?”

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற வார்த்தை என் காதில் விழுந்தது. பொருளும் புரிந்தது. ஆனால் உள்ளே ஒன்றும் அசையவில்லை. போகட்டும் என்றுகூடத் தோன்றவில்லை. போகக்கூடாது என்றும் தோன்றவில்லை. நாளைக்கு மழை வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்பது மாதிரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சாப்பிட வாங்க, குழம்பு ஆறுது” என்றேன்.

மதினி எழுதச் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். இதை எப்படிச் சொல்வதென்று இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நான் அழவில்லை. பிள்ளையை அடிக்கவில்லை, வெறுக்கவில்லை. பாட்டில் கழுவினேன், பால் கொடுத்தேன், தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை தட்டினேன், வெந்நீரின் சூட்டை முழங்கையில் பார்த்துக் குளிப்பாட்டினேன். ஒரு குறை சொல்லமுடியாது. முதியோர் இல்லத்தில் எத்தனையோ பேருக்குச் செய்த வேலைதான். ஷிப்ட் முடிகிற நேரம் மட்டும் வரவே இல்லை.

நிலா பிறந்தபோது இப்படி இல்லை. அப்போது சித்திரபுரத்தில் இருந்தேன். அவள் தும்மினால்கூட எனக்கு உயிர் போய் வரும். கவின் தும்மினால் மூக்கைத் துடைத்தேன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன், ஏதாவது வருமா என்று. அழகான பிள்ளை என்று தெரிந்தது. யாருடைய பிள்ளையோ மாதிரியும் இருந்தது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் தொடுவது தெரியும், கன்னம் நம்முடையதாக இருக்காது. எனக்கு ஆள் முழுக்க அப்படித்தான் இருந்தது.

நிலா கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் பேசுவதை விட்டுக்கொண்டிருந்தாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். பள்ளியில் நடந்ததை என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டு அப்பா வரும்வரை வாசலில் காத்திருந்து அவரிடம் சொன்னாள். மற்ற அம்மாக்கள் இதற்கெல்லாம் கிடந்து புலம்புவார்கள். நான் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினி வீடியோவில் வந்தாள். லயங்களைச் சுற்றிவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதத்தில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே பேசினாள். செந்தில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் போலிருக்கிறது.

“ஏ கோட்டிக்காரி, வெள்ளக்காரிகிட்டப் போயி பிள்ளைக்கு நோக்காடுன்னா சொன்ன?” என்று சிரித்தாள். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. எனக்கும் சிரிக்கவேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரித்தேன்.

“நீங்க மட்டும் எப்படி மதினி சமாளிக்கீங்க? எல்லாவளும் இதத்தான சொல்லுதாளுக?”

“அது பழகிப்போச்சு. குடிக்கவே மாட்டேங்குதுன்னா நல்லாக் குடிக்குதுன்னு எழுதிக்கிடுவேன். எலும்புந்தோலும்னா எடை சரின்னு எழுதிக்கிடுவேன். நெசமாவே முடியாத பிள்ளைன்னா தாய்க்காரி அப்படிப் பேசமாட்டா. மிரண்டு போயி வாயே தெறக்கமாட்டா. அதுலயே தெரிஞ்சுரும்.”

“தாய் எப்படி இருக்கான்னு கேப்பீங்களா?”

“கேப்பேன். கேக்கணும்லா. ரிப்போர்ட்டுல அதுக்கும் ஒரு எடம் இருக்கு. எனக்கென்ன, நல்லா இருக்கேம்பாளுக.”

“அத என்னன்னு எழுதுவீங்க?”

“நல்லா இருக்கான்னுதான். அதுல என்னத்தப் பொய் சொல்லப்போறாளுக?”

மதினி சுண்ணாம்பு டப்பாவை மூடிவிட்டு, அண்ணன் ஜீப்பின் கிளட்ச் போன கதையை ஆரம்பித்தாள். அவள்மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஊருக்கே பிள்ளையைப் பற்றிச் சொல்வதைத் திருப்பிப்போட்டுப் புரிந்துகொள்ளத் தெரியும். தாய் தன்னைப் பற்றிச் சொல்வதை யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. நான் மதினியோடு வீடு வீடாகப் போன காலத்தில் எனக்கும் தோன்றியதில்லை. மதினி, கூட்டத்தில் இந்த இடத்தை விட்டுவிடாமல் வாசியுங்கள்.

6

மதினியோடு பேசிய பிறகு, இனி கவின் விஷயத்தை முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். செந்தில் பயந்து பயந்து இளைத்துப்போயிருந்தார். பாவம், அந்த மனிதருக்காகவாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

ஹெலன் வந்தார். வழக்கம்போலத் தராசு, வழக்கம்போல எடை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னேன். எங்கள் ஊரில் பிள்ளையை வெளியாள் பாராட்டினால் தாய் இல்லை என்றுதான் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் பிள்ளைக்கு ஆகாது, அதனால் அன்று அப்படிச் சொல்லிவிட்டேன், இவன் முதல் நாளிலிருந்தே நன்றாகக் குடிக்கிறான், எனக்காக நீங்கள் எல்லோரும் அலைந்துவிட்டீர்கள், மன்னிக்க வேண்டும் என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். தன் பாட்டியும் குழந்தையைப் புகழவிடமாட்டாராம், புகழ்ந்தால் கண் படாமலிருக்க மரக்கட்டையைத் தொடச் சொல்வாராம். நல்ல செய்தி, ரொம்ப நல்ல செய்தி என்றார். உடனே எழுதி முடித்தார்.

“அப்படியானால் நான் இனி வாரம் வாரம் வர வேண்டியதில்லை. அடுத்து ஒரு வயதில் பார்க்கலாம். உங்களுக்கும் தொந்தரவு விட்டது” என்று பையை மூடினார்.

நான் தலையாட்டினேன். அவர் எழுந்தார். நடையில் குனிந்து செருப்பை மாட்டினார். நான் கவினைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பின்னால் நின்றேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. வாரம் முழுக்க எனக்கு எல்லா நாளும் ஒன்றுபோலத்தான் இருந்தது. இந்த அம்மாள் வருகிற நாள் மட்டும்தான் வேறு நாள். அவரைப் பிடிக்கும் என்றெல்லாம் இல்லை. ஆனால் கதவைச் சாத்திவிட்டு அவர் போய்விட்டால், இந்த வீட்டில் நான் இப்படியே இருந்துகொண்டிருப்பது ஒருத்தருக்கும் தெரியாது. அவன் நன்றாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். இனி யாரும் வர வேண்டிய காரணமே கிடையாது.

“ஹெலன்” என்றேன். அதுவரை அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எங்கள் பழக்கத்தில் மேடம் என்றுதான் அழைப்பேன்.

திரும்பினார்.

“அவன் நன்றாக இருக்கிறான். நான் நன்றாக இல்லை.”

நானே மேலே சொன்னேன். “இவன்மேல் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. எல்லாம் செய்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை. யாராவது எடுத்துக்கொண்டு போனாலும் பார்த்துக்கொண்டு நிற்பேன் என்று நினைக்கிறேன்.”

சொல்லும்போதே இதுதான் முடிவு என்று நினைத்தேன். இதை எழுதிக்கொண்டு போவார், நாளைக்கு ஆள் வரும். அதையும் அமைதியாகத்தான் நினைத்தேன்.

ஹெலன் பையைக் கீழே வைத்தார். மாட்டிய செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து, எனக்கு முன்னால் சோபாவில் உட்கார்ந்தார். அன்று காரை எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளையையோ உங்களையோ ஏதாவது செய்துவிடத் தோன்றியதா என்று நேராகக் கேட்டார். இல்லை என்றேன். சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா, யாரிடமாவது இதைச் சொன்னீர்களா என்று கேட்டார். சாப்பிடுகிறேன், தூக்கமில்லை, சொல்லவில்லை. பிள்ளையை யாரும் எடுத்துக்கொண்டு போகப்போவதில்லை என்றார். இது பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வருகிற நோய், நிறையப் பேருக்கு வருகிறது, மருந்து இருக்கிறது என்றார். அடுத்த வாரமும் வருகிறேன், இந்தமுறை உங்களைப் பார்க்க என்றார்.

‘லவ்லி’ என்ற வார்த்தையை அன்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

செந்திலிடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. “இதெல்லாம் ஊட்டு நெனப்பு அம்மிணி. அத்தைக்கு மறுக்கா விசாக்கு எழுதிப்போடறேன். போச்சாது, சரியாப் போயிரும்” என்றார். ஹெலன் அனுப்பிய டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்தேன். அவர் நர்ஸ், அந்த மருந்து எதற்கென்று தெரியும். படித்துவிட்டுச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அன்றைக்கே கடைக்குப் போய் வாங்கிவந்து, தண்ணீரையும் அவரே எடுத்துக்கொடுத்து, நான் விழுங்கும்வரை நின்றார்.

7

மாத்திரை போட்டதும் மனசு பூத்துக் குலுங்கியது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. முதலில் தூக்கம் வந்தது. பிறகு பசி. பக்கத்து தேவாலயத்தின் கூடத்தில் தாய்மார் கூட்டம் ஒன்றுக்கு ஹெலன் என்னை அனுப்பினார். அங்கே ஒவ்வொருத்தியாகப் பேசினார்கள். ஒருத்தி அழுதாள், ஒருத்தி கத்தினாள். நான் பிஸ்கட் தின்றேன். எல்லோரும் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னவர்கள்தான் என்பது மட்டும் புரிந்தது.

குளிர்காலம் போனது. கவின் கவிழ்ந்தான், தவழ்ந்தான், சோபாவைப் பிடித்து நின்றான். பார்க்கிறவர்களிடமெல்லாம் சிரித்தான். நான் அவனைப் பார்த்துச் சிரிக்கப் பழகினேன். வாயை இழுத்துச் சிரித்தால் அவனும் சிரிப்பான். பாவம், அவனுக்கு வித்தியாசம் தெரியாது. எல்லாம் சரியாகிவிட்டதா என்று மதினி கேட்டால், ம் என்பேன். செந்தில் கேட்டாலும் ம்தான். ஹெலன் கேட்டால் மட்டும், இல்லை, இன்னும் இல்லை என்று சொன்னேன். அவரிடம் அதைச் சொல்வது சுலபமாகிவிட்டிருந்தது. அவர் சரி என்பார். டீ குடிப்பார். போய்விட்டு மறுபடி வருவார்.

அன்றும் அப்படித்தான் வந்தார். கதவைத் திறக்கும்போது கவின் என் இடுப்பில் இருந்தான். பல மாதமாக வந்துபோகிற முகம் அவனுக்குப் பழகிவிட்டிருந்தது. ஹெலனைக் கண்டதும் உடம்பு முழுக்க ஆட்டம். ஆ, ஆ என்று கத்திக்கொண்டு, என் தோளை ஒரு கையால் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் நீட்டி அவரிடம் தாவினான். ஹெலன் பையைப் போட்டுவிட்டு அவனை வாரிக்கொண்டார். அவன் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அவர் தோளில் வைத்து, என்னைத் திரும்பிப் பார்த்தான். யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

எனக்கு வயிறு எரிந்தது.

முதலில் என்னவென்று புரியவில்லை. நெஞ்சுக்குக் கீழே சுள்ளென்று ஒன்று. முகம் சூடாகிறது, காது சூடாகிறது. அந்த அம்மாளின் கையை அவன் முதுகில் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. என்னை அத்தனை மாதம் தாங்கிப் பிடித்த மனுஷி. அவரை அந்த நிமிடம் பிடித்துத் தள்ளிவிடலாம் போல ஆத்திரம் வந்தது. நான் கழுவின பாட்டில், நான் தட்டின முதுகு, என் பிள்ளை, அவன் எதற்கு இவரிடம் போகிறான்?

“இங்க குடுங்க” என்றேன். தமிழில்தான் சொன்னேன்.

ஹெலனுக்கு அது புரிந்ததோ, நான் கையை நீட்டிய விதம் புரிந்ததோ தெரியாது. உடனே கொடுத்தார். கவினுக்கு வர மனமில்லை. முதுகை வளைத்தான், அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டான். நான் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அவனை இழுத்து என்னோடு சேர்த்துக்கொண்டேன். வீடே அதிர அழுதான். நிலா உள்ளேயிருந்து ஓடிவந்து, “அம்மா, ஏன் அழுவுறான்?” என்று தமிழில் கேட்டாள்.

அவனைப் போட்டு ஆட்டிக்கொண்டு நடையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். அவன் நிறுத்தவில்லை. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. வேறு யார் கையிலும் இல்லை, என் கையில் இருந்துதான் அழுதான்.